நீலப் புகையும் நான் தலைகுனிந்த இடங்களும்

மற்ற தொழிலில் தப்பு நடந்தால் யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கின் தப்பு மட்டும் சைலன்சர் வழியாகத் தானே வெளியே வந்து தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சேதி சொல்லும்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் என்னைவிட வயதில் மூத்த வண்டிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் புகாரும் அநேகமாக ஒன்றுதான்: "ஆயில் குடிக்குது, புகை தள்ளுது." நீலமாகப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும். எந்த இடுக்கு வழியாக ஆயில் உள்ளே நுழைகிறது என்று சொல்ல வரும்போதுதான் என் மானம் போகும். நீங்களும் ஒரு பழைய வண்டியோடு மல்லுக்கட்டுபவராக இருந்தால், சிக்னலில் பின்னால் நிற்கும் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்த்து, பார்க்காத மாதிரி திரும்பியிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

ஜானவாசம்

மயிலாப்பூரில் ஒரு பையனுக்குக் கல்யாணம். ஜானவாச ஊர்வலத்துக்குக் கார் வேண்டாம், அப்பா ஓட்டிய மோட்டார் சைக்கிளில்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். புகையை மட்டும் நிறுத்திக் கொடுங்கள் என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முறுக்கினால் லேசாகப் புகைந்தது. ஆயிலை மேலே ஏறவிடாமல் வழிக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டினேன். புது ரிங் போட்டு, அதே சாலையில் மறுபடி ஓட்டினேன். சுத்தம். "வெள்ளை வேட்டியே கட்டிக்கிட்டு ஏறுங்க சார், ஒரு பொட்டுக் கறை படாது" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள்.

நான் ஓட்டிப் பார்த்தது நிற்காத ஓட்டம். ஊர்வலமோ நாதஸ்வரத்துக்குப் பின்னால் நத்தையாக நகர்ந்தது. வழியெல்லாம் நின்றது. வண்டி நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தால், தேய்ந்த வால்வு கைடு வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிச் சேரும். அடுத்து முறுக்கும்போது அத்தனையும் ஒரேயடியாக எரியும். நான் பார்க்க மறந்த இடம் அதுதான். மாட வீதி முனையில் மாப்பிள்ளை முறுக்கினான். பின்னால் தட்டு ஏந்தி வந்த பெண்கள் இருந்த இடத்தில் ஒரு நீல மேகம் மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து பட்டுப்புடவைகள் இருமின. பெண்ணின் அப்பா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நான் ஒரு பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனாலும் அவர் சம்பந்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏன் சம்பந்தி, மாப்பிள்ளைக்குப் புகை பிடிக்கற பழக்கமே கிடையாதுன்னு சொன்னேளே?"

சூசை சார் வீட்டில் இரண்டு கை

சாந்தோமில் சூசை சார் என்று ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். மனைவி ஸ்டெல்லா டீச்சரும் அதே பள்ளியில் இருந்தவர். சாரின் வண்டி புகைத்தது. "ஆயில் அளவு சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நான் தவறாம பார்த்து ஊத்துறேன்" என்றார். கணக்கு வாத்தியார் சொல்லும் அளவைச் சந்தேகப்படலாமா? இருந்த ஆயிலை வடித்துக் கொட்டிவிட்டு இன்ஜினைப் பிரித்தேன். எவ்வளவு வடிந்தது என்று பார்க்கவில்லை. ரிங் நன்றாக இருந்தது. வால்வு நன்றாக இருந்தது. இருந்தாலும் பிரித்ததற்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று சிலதை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் புகை இல்லை. பிறகு பழையபடி ஆரம்பித்தது.

இந்த முறை நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் நின்று, ரிங் என்றால் என்ன, கைடு என்றால் என்ன என்று சாருக்குப் பெரிய பாடமே எடுத்தேன். டீச்சர் காபி கொண்டுவந்தார். என் பாடம் முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, "ஒரு சந்தேகம். ஆயில் ஜாஸ்தி ஆனாலும் புகை வருமா? இவர் மறந்துடுவார்னு நானும் சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சம் ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். சார் ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும் முன். வழியும் அளவுக்கு ஆயில் நின்றால் இன்ஜின் அதைக் குடிக்காமல் என்ன செய்யும்? வண்டி என்றால் ஆம்பளை சமாசாரம் என்று நான் அந்த அம்மாவிடம் வாயைத் திறந்ததே இல்லை. காபியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இன்ஜினை அக்கக்கா பிரிச்சுப் பார்த்தீங்களே தம்பி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

தி. நகரில் ஒரு சோதனை

இது சின்ன அவமானம். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். "கொஞ்சம் கூடவே கலந்துக்குங்க, இன்ஜினுக்கு நல்லது" என்று ஒரு வாடிக்கையாளருக்கு இலவசமாக அறிவுரை சொல்லியிருந்தேன். அவரோ நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தாராளமாகக் கலந்தார். புகைச் சான்றிதழ் வாங்கத் தி. நகருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வண்டியைக் கிளப்பியதும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டு விலகினார்கள். பக்கத்துத் துணிக்கடைக்காரர் வெளியே தொங்கவிட்டிருந்த நைட்டிகளையெல்லாம் உள்ளே எடுத்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து என்னைத்தான் பார்த்தாள். என் சட்டையில் கிரீஸ் இருந்ததே!

"அண்ணே, வண்டியை செக் பண்ண வந்தீங்களா, ஏரியாவுக்குக் கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?"

குளவி

மேற்கு மாம்பலத்தில் பாஷா பாய் லேத் வைத்திருக்கிறார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டனுக்குப் பொருத்தமாக்கித் தருவார். அடையாறிலிருந்து வந்த ஒரு வண்டிக்கு அப்படிக் கடைந்து வாங்கி மாட்டினேன். கிளப்பினால் முன்னைவிட அதிகப் புகை. போதாக்குறைக்கு மூட்டுக்கு மூட்டு ஆயில் கசிந்தது. எனக்கு வந்த கோபத்தில் சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக மாம்பலம் போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "கண்ணு தெரியலேன்னா தொழிலை வுட்ரு பாய்" என்று அவர்கள் முன்னாலேயே கத்தினேன். பாய் சிலிண்டரைத் துடைத்து அளந்து, அளவைக் காட்டினார். இம்மி பிசகவில்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

இன்ஜினுக்கு மூச்சு விட ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை மேலே தள்ளி எரிய வைக்கும். அன்று சாயங்காலம் யதேச்சையாக அந்தக் குழாயில் கம்பியை விட்டேன். காய்ந்த மண் உதிர்ந்தது. சிலிண்டர் பாய் கடையில் இருந்த நாட்களில், வண்டி என் பட்டறை வாசலில்தான் நின்றது. குளவி அதில் கூடு கட்டிவிட்டது. மறுநாள் போனேன். பாய் தனியாக இருக்கும்போது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எதிர் டீக்கடையில் காத்திருந்தேன். ஆள் குறையவே இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"வுடு நைனா, குளவி கூட உள்ள எட்டிப் பாத்துகினுதான் வூடு கட்டும், நீ பாக்காமலே வாய வுட்டுட்டே."

ஜன்னலோர வீடு

பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருக்கும் கார்த்திக் பெருங்குடியில் ஐடி வேலைக்குப் போகிறவன். அவனுடைய பழைய வண்டிக்கு ரிங் மாற்றினேன். புகை நிற்கவில்லை. வந்து கேட்டான். "புது ரிங் செட்டாகணும் தம்பி, ஓட ஓட சரியாயிடும். காலையில கொஞ்ச நேரம் வார்ம் அப் பண்ணிட்டுக் கிளம்புங்க" என்றேன். இப்படிச் சொல்வது எங்கள் தொழிலில் சகஜம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். மறுபடி வந்தான். மறுபடி அதையே சொன்னேன்.

ஒருநாள் ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கார்த்திக்கின் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டிய தரைத்தள வீடு அவருடையது. நான் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். சண்டை போட வந்த முகம் இல்லை. "என் வீட்டுக்காரருக்கு வீசிங். ஜன்னலோரம்தான் படுத்திருப்பார். மூடினா மூச்சு முட்டுதுங்கறார். திறந்தா இந்தப் புகை. அந்தப் பையன் நல்ல பையன்தான். கேட்டா, மெக்கானிக் சரியாயிடும்னு சொல்லியிருக்கார் ஆன்ட்டிங்கறான். அதான் உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன். எப்போ சரியாகும்?" என்றார். எனக்குப் பழக்கதோஷம். "ரிங் செட்டாகணும்மா..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, "இன்னிக்கே எடுத்துட்டு வர்றேம்மா" என்றேன்.

அந்த வீட்டுப் பக்கம் வண்டியைக் கிளப்ப மனசு வராமல், தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனேன். பட்டறையில் பிரித்தால், இரண்டாவது ரிங் தலைகீழாக இருந்தது. ஆயிலைக் கீழே வழித்துவிட வேண்டியது, மேலே வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் ஓட்டினாலும் செட்டாகாது. மாட்டியது நான்தான், பழிபோட வேறு ஆளில்லை. சரிசெய்து, நானே ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். கார்த்திக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். அந்த அம்மா ஜன்னலைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சைலன்சரையே வெகுநேரம் பார்த்தார். உள்ளே கட்டிலில் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இனிமே புகை வராதும்மா" என்றேன். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இதை நான் வராமலே செஞ்சிருக்கலாமேப்பா?"

மொத்தத்தில், என் சக பாவிகளே, பழைய இன்ஜினை எந்த போல்ட்டில் ஆரம்பித்துக் கழற்ற வேண்டும் என்பது எனக்கு அத்துபடி, வாயை எந்த இடத்தில் மூட வேண்டும் என்பதுதான் இன்னும் கைவரவில்லை.