கைதட்டலை அளக்கும் ஊசி

நிரோஜா அமெரிக்கப் பத்திரிகை வரலாறு படிக்கிறாள் என்று கனகராயன்குளத்தில் யாரிடமாவது சொன்னால், "அதைப் படிச்சு அமெரிக்காவுக்கே போகப் போறாள்?" என்று சிரிப்பார்கள். கிழமை நாட்களில் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்கிறவள் அவள். சனி, ஞாயிறு வவுனியாவுக்கு பஸ் ஏறி எங்கள் ஊடக டிப்ளோமா வகுப்புக்கு வருவாள். நாங்கள் எல்லாரும் சான்றிதழுக்காக வந்தவர்கள். அவள் ஒருத்திதான், தெருவில் ஒரு சதத்துக்குப் பத்திரிகை விற்ற காலத்திலிருந்து தொலைக்காட்சி வந்த காலம் வரைக்கும் சொந்தக்காரரின் கதைபோல விழுந்து விழுந்து படித்தாள்.

வகுப்பில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைக்கு அவள் எடுத்தது ஒரு பழைய அமெரிக்க நிகழ்ச்சி. முதலில் வானொலியில் வந்து பிறகு தொலைக்காட்சிக்குப் போனது. கஷ்டப்பட்ட பெண்கள் சிலரை மேடையில் இருத்தி, தங்கள் துன்பத்தைச் சொல்ல வைப்பார்கள். சனம் கைதட்டும். யாருக்குக் கைதட்டல் கூட என்று ஒரு கருவியின் ஊசி காட்டும். வென்றவளுக்கு முடி சூட்டி, உடுப்புத் தோய்க்கிற மெசின் போன்ற பரிசுகள் கொடுப்பார்கள்.

"மற்றவளின்ர கண்ணீர் பத்தேல்லை எண்டு வீட்டை அனுப்புறதோ?" என்று நிரோஜா வகுப்பிலேயே கொதித்தாள்.

அதைக் காது கொடுத்துக் கேட்டவன் ரூபன். எங்களோடு படித்தவன், சொந்தமாக யூடியூப் சனல் வைத்திருந்தவன். அவனுக்கும் நிரோஜாவுக்கும் கலியாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய அம்மா கமலேஸ்வரி அவன் வருகிறான் என்றால் மீன் பொரித்து வைத்துவிட்டுப் படலையைப் பார்த்தபடி இருப்பார்.

நிரோஜா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அவன் அவர்கள் வீட்டுக்குப் போனான். "நிரோஜாவின்ர படிப்புக்குத்தான் மாமி. உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று போனை முன்னால் வைத்தான்.

மகளின் படிப்பு என்றதும் கமலேஸ்வரி, மகளுக்கே சொல்லாததை அவனுக்குச் சொன்னார். சண்டையின் கடைசி நாட்களில், கடற்கரையில், தறப்பாள் கொட்டிலுக்குள் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பால் சுரக்கவில்லை. பிள்ளை தங்கவில்லை. "பேர் வைக்க ஆரும் இல்லை. நானே ஒரு பேர் வைச்சுக் கூப்பிட்டனான்" என்றார். பிள்ளையை மணலில் மூடிவிட்டு, மூன்று வயது நிரோஜாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம்.

அடுத்த கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம், பக்கத்து மெசின்காரி போனை நீட்டினாள். "இது உன்ர அம்மாவெல்லே?"

ரூபனின் சனலில் மூன்று தாய்மார், மூன்று வீடியோ. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. யாருடைய வீடியோவுக்கு லைக் கூட விழுகிறதோ அவருக்குத் தண்ணீர் மோட்டர் பரிசு. தனக்கு ஒரு தம்பி பிறந்தான் என்பதை நிரோஜா அப்படித்தான் அறிந்தாள். லண்டனிலும் கனடாவிலும் உள்ள சனம் அவளுக்கு முதலே அறிந்து, கண்ணீர்ப் பொம்மையும் போட்டு முடித்திருந்தது.

அழுதுகொண்டு போன் எடுத்தவளுக்கு அவன் சொன்ன பதில்: "உங்கட அம்மாதான் முன்னுக்கு நிக்கிறா. பிறகேன் கோவிக்கிறீர்?" அவள் கொதித்துச் சொன்னதை அவன் தொழில் உத்தியாகக் கேட்டு வைத்திருக்கிறான். இன்றைக்கும் அவனைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும்.

கமலேஸ்வரிதான் வென்றார். மோட்டரும் கமராவுமாக ரூபன் வந்து இறங்கினான். அவர் படலையைத் திறக்கவில்லை.

"எல்லாம் கேட்டனீங்கள் தம்பி. பிள்ளைக்கு என்ன பேர் எண்டு மட்டும் கேக்கேல்லை. உந்த மோட்டரைக் கொண்டு போங்கோ."

செய்தி எழுதப் போகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'யார்' என்பது. அதை எங்களுக்கு வகுப்பின் முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.

கலியாணப் பேச்சு அத்தோடு நின்றது. அன்று பின்னேரம் நிரோஜா குசினிக்குள் போய்த் தாயின் பக்கத்தில் குந்தினாள்.

"தம்பிக்கு என்ன பேர் வைச்சனீங்கள், அம்மா?"

கமலேஸ்வரி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"உன்ர படிப்புக்கெண்டுதானே அவன் கேட்டவன்" என்றார். "உனக்கும் சொல்ல மாட்டன்."