அதே சுருதி

மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நெல்டா ஃபே ஊறுகாய்ப் பாட்டிலைத் திறப்பார். வெள்ளரிக்காய்த் துண்டுகளை விரலால் ஒதுக்கிவிட்டு, அதிலிருக்கும் புளித்த உப்புத் தண்ணீரை மட்டும் இரண்டு மடக்கு குடிப்பார். முகம் ஒரு பக்கமாகக் கோணும். "தொண்டைக்கு இதைவிட மருந்து கெடையாது, ஒரு வாய் குடியேன்யா" என்று பாட்டிலை ராய்ஸிடம் நீட்டுவார். அவருடைய குழுவில் ஸ்டீல் கிதார் வாசிக்கும் ராய்ஸ் முப்பத்தெட்டு வருடங்களாக அதை வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருக்கிறார். நெல்டாவும் நீட்டுவதை விடுவதாக இல்லை.

அறுபத்தாறு வயது. கென்டக்கி மலையடிவாரத்தில் வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் மாவட்டச் சந்தை, தீயணைப்புப் படையின் மீன் விருந்து, மாதாகோயில் மைதானம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடுகிறார். பேருந்திலும் வாய் சும்மா இருக்காது. ஒருமுறை பின் இருக்கையிலிருந்து ஒரு சின்னப் பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு, "நெல்டாம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க, என் பாட்டு கேக்க மாட்டேங்குது" என்றாளாம். இதை மேடைக்கு மேடை சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றிய கேலி என்றால் அவருக்கு மக்காச்சோள ரொட்டியும் வெண்ணெயும் மாதிரி.

ஒரே ஒரு பாட்டுத்தான் அவரை வெளியூருக்குக் கொண்டுபோனது. 'வைக்கோல் உள்ளே வந்தாச்சு, இனி மழை பெய்யட்டும்' என்ற அந்தப் பாட்டு எண்பத்தாறாம் வருடம் வானொலி வரிசையில் முப்பத்து நான்காவது இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அவர் பாடிய வேறெதுவும் அந்த வரிசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வருத்தமில்லையா என்று யாராவது கேட்டால், "முப்பத்து மூணு பேரு அவசரமாப் போறாங்க, போகட்டும்னு வழி விட்டேன். நமக்கென்ன, கேக்க ஆள் வருதே, அது பத்தாதா?" என்பார். அது சும்மா வாய்ப் பேச்சில்லை. பாடி முடித்ததும் வரிசையில் நிற்கும் கடைசி ஆள் வரை நின்று பேசி அனுப்புவார். போன வருடம் இடுப்பெலும்பு முறிந்த அம்மா இப்போது நடக்கிறாளா, பன்றிக்குக் குட்டி எத்தனை என்பதெல்லாம் பெயரோடு நினைவிருக்கும்.

பாட்டுக்கு நடுவே நன்றி சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அழைத்தவருக்கு நன்றி, சமைத்தவருக்கு நன்றி, வண்டி நிறுத்த இடம் காட்டியவருக்கு நன்றி. அந்த நேரத்துக்குள் வாத்தியக்காரர்கள் இரண்டு முறை தந்தி முறுக்கிவிடலாம்.

பெருமை என்று அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. "ரெக்கார்டுல எந்தச் சுருதியோ, இன்னிக்கும் அதே சுருதி. அரைக்கட்டைகூட எறக்கினதில்ல." இதை அவர் சொல்லும்போதெல்லாம் ராய்ஸ் குனிந்து ஷூ கயிற்றைப் பார்ப்பார்.

காரணம் இருக்கிறது. பதினைந்து வருடம் முன்பு ஒரு குளிர்காலம் முழுக்க நெல்டாவுக்கு மார்ச்சளி. தேறி வந்தபோது, 'மழை' என்ற சொல்லில் குரல் ஏறவேண்டிய இடத்தில் கீறியது. நெல்டாவுக்குக் கிதார் வாசிக்க வரும், சுருதி சேர்க்கப் பொறுமை கிடையாது. அது எப்போதும் ராய்ஸின் வேலை. அவர் யாரையும் கேட்காமல் எல்லாக் கிதார்களின் தந்தியையும் அரைக்கட்டை தளர்த்தினார். ஆறு வருடம் கழித்து இன்னொரு அரைக்கட்டை. குழுவில் மற்ற இருவருக்கும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. நெல்டா பழையபடியே விரல் வைத்து, பழையபடியே பாடி, பழையபடியே பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஏ சுருதிப் பாட்டு ஒரு முழுக்கட்டை இறங்கி ஜியில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வசந்தத்தில் ஓர் அழைப்பு வந்தது. மாநிலம் முழுக்கக் கேட்கும் சனிக்கிழமை மதிய வானொலி மேடை. இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு கூப்பிட்டிருந்தார்கள். வாத்தியம் அவர்கள் குழுவே வாசிக்கும். துணைக்குத் தன் வாத்தியக்காரர் ஒருவரை அழைத்து வரலாம். நெல்டா கிதார் கொண்டுவர வேண்டாம், பாடினால் போதும்.

போகும் வழியில் நான்கு மணி நேரமும் நெல்டாவே வண்டி ஓட்டினார், கூடவே பாடினார். ராய்ஸ் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடினார்.

"என்னய்யா, வாய்ல ஈ பூந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

அரங்கத்தில் ஒத்திகை கிடையாது. அங்கே பாட்டை எண்களாக எழுதிய ஒரு தாள்தான். சுருதியை மட்டும் சொல்லிவிட்டால் எந்தச் சுருதியிலும் அதை வைத்தே வாசித்துவிடுவார்கள். குழுத் தலைவன் கர்ட், முப்பது வயதுக்காரன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"நெல்டாம்மா, எந்தச் சுருதில எடுக்கலாம்?"

"ரெக்கார்டுல இருக்கற அதே ஏ தான் தம்பி. வேற என்ன?"

கர்ட் தன் ஆட்களைப் பார்த்து மூன்று விரல் தூக்கினான். இந்த ஊர் வாத்தியக்காரர்களுக்குச் சுருதி சொல்ல வாய் வேண்டாம். மூன்று விரல் என்றால் ஏ, ஒரு விரல் என்றால் ஜி.

ராய்ஸ் அந்த மூன்று விரலையும் பார்த்தார். கர்டிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்னால், 'அவளால முடியாது' என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் 'மழை' வரும் இடத்தில் குரல் உடையும், மாநிலமே கேட்கும். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இதற்கா? தான் செய்தது உபகாரமா துரோகமா என்று அவருக்கே புரியவில்லை.

"நெல்டா, ஒரு விஷயம். ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"அப்புறம் சொல்லு, கூப்பிடறாங்க பாரு" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நெல்டா வெளிச்சத்துக்குள் நடந்தார். ராய்ஸ் பின்னாலேயே போய்த் தன் ஸ்டீல் கிதார் முன் உட்கார்ந்தார். தந்தி மேல் நகர்த்தும் இரும்புத் துண்டைச் சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் நெல்டா வழக்கம்போல நன்றியில் இறங்கினார். அழைத்த வானொலிக்கு நன்றி. பேருந்தின் பிரேக்கைச் சரிசெய்து தந்த மெக்கானிக்குக்கு நன்றி. பல் டாக்டருக்கு நன்றி. "எனக்கு முன்னால போன அந்த முப்பத்து மூணு பேருக்கும் நன்றி. அவங்க கூட்டத்தை இழுத்துட்டுப் போனதாலதான் எனக்கு நிக்க எடம் கெடச்சுது." அரங்கம் சிரித்தது. ஒருவரையும் விடவில்லை. ராய்ஸின் பெயர் மட்டும் வரவில்லை.

"சரி, வைக்கோல உள்ள கொண்டாருவோம்" என்றார் மைக்கில். கர்ட் தாளம் எண்ணக் காலைத் தூக்கினான்.

அப்போது நெல்டாவின் இடது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. முகம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இருக்க, பின்னால் ஒரே ஒரு விரல் நிமிர்ந்தது. கர்ட் தூக்கிய காலோடு ஒரு கணம் நின்று, தலையாட்டி, தன் ஆட்களுக்கும் ஒரு விரல் காட்டினான். அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் நெல்டாவின் விரல் மடங்கவில்லை. ஸ்டீல் கிதார் இருந்த பக்கமாகச் சற்றே திரும்பி, ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டும் வரைக்கும் அது நிமிர்ந்தே இருந்தது.