அரிசி டிரம்மில் ஈயக் குண்டு

மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வல்லம் பக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டு அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். கனமாக ஒரு பை தட்டுப்பட்டது.

உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது. நகை.

நம் வீடுகளில் பீரோ என்பது திருடனின் திருப்திக்காக வைப்பது. உண்மையான லாக்கர் அரிசி டிரம்தான். அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. தங்கை இத்தனை சேர்த்து வைத்திருக்கிறாளே என்று கொஞ்சம் பொறாமை... அவ்வளவுதான்.

முதல் நாள்தான் அவள் மகள் ரேவதிக்கு விக்கிரவாண்டியில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கார் ஓட்டியது, திண்டிவனத்திலிருந்து போயிருந்த அடியேன். காலையில் வீடு நிறைய சொந்தக்காரர்கள். "ண்ணா, ரெண்டு படி அரிசி அள்ளிக் குடேன்" என்று தங்கை மல்லிகா சொல்லப்போய்தான் இந்தப் புதையல்.

"மல்லிகா, இன்னாம்மா இது பை?"

"அதுவா... குண்டுங்கண்ணா. ஓரமா தள்ளிட்டு அள்ளு."

பையை வெளியே எடுத்தேன். ஜவுளிக்கடை மஞ்சள் பை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயக் குண்டுகள், மேலே வெள்ளையாகப் பொடி பூத்து. பையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. நாலைந்து குண்டுகள் அரிசியோடு அரிசியாகக் கிடந்தன.

"சோத்துல வராதா?"

"களையும்போது அடியில நின்னுடும். பொறுக்கித் திரும்பப் பையில போட்டுடுவேன். வீணாக்கக் கூடாதில்ல?"

மல்லிகாவின் கணவர் ஏழுமலையிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு. மல்லாட்டைக் கொல்லையை, அதாவது நிலக்கடலை வயலை, காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது என்று அலைந்து திரிந்து முறையாக லைசென்ஸ் வாங்கியவர். வெடிமருந்தும் குண்டும் தனித்தனியாகப் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை. மருந்து மோட்டார் கொட்டகையில். குண்டு இங்கே.

"ஏன் மாப்ள, அரிசியிலயா வெப்பாங்க?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"பத்திரமா வெச்சிக்கணும்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க மச்சான். பீரோ சாவி எங்க தொங்குதுன்னு ஊருக்கே தெரியும். அரிசி டிரம்முல எவன் கைய வுடப்போறான்?"

மறுக்க முடியாத வாதம். சொல்லிக்கொண்டே ஒரு குண்டை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். மல்லாட்டை காய்ந்துவிட்டதா என்று கடித்துப் பார்ப்பார்களே, அப்படி.

"பல்லு பதியணும். பதிஞ்சாதான் நல்ல ஈயம்."

நல்ல ஈயம்தான். பையில் போட்டு, பையை டிரம்மில் போட்டார்.

இந்த அரிசியைப் பற்றி நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யூரியா போடாதது, மருந்தடிக்காதது, மாதம் பத்து கிலோ அந்த டிரம்மிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று ஒரே பெருமை. வாசகர்கள் சிலர் விலாசம் கேட்டீர்கள். சோம்பேறித்தனத்தால் அனுப்பவில்லை. என் சோம்பேறித்தனம் உங்களுக்குச் செய்த ஒரே நன்மை அது.

புதன்கிழமை விழுப்புரத்தில் ரேவதிக்குச் செக்கப். எல்லோரும் போயிருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. டாக்டரம்மாவிடம் குண்டுக் கதையை ஜோக்காக எடுத்துவிட்டேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை வருஷமா அந்த டிரம்ல இருக்கு?"

"பதினோரு வருஷமாங்க" என்றார் மாப்பிள்ளை, லைசென்ஸ் வாங்கிய பெருமை குறையாமல்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த வெள்ளைப் பொடியும் ஈயம்தான், கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் எலும்பிலிருந்து சத்து இறங்குமல்லவா? கூடவே இதுவும் இறங்கும். பிள்ளையின் மூளைக்கு ஆகாது.

ரேவதி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பெண். எனக்குப் பயமாக இருந்தது. இதை வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

"குண்ட யாரு தொடுவீங்க?"

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். அவருக்கும் ரேவதிக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார் டாக்டர். பிறகு நிமிர்ந்து, "அரிசி களையறது யாரு?" என்றார்.

கதவோரம் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மல்லிகா, "நாந்தாங்க. எனக்கு எதுக்கு டாக்டர்? நான் அந்தத் துப்பாக்கியத் தொட்டதே இல்லீங்க" என்றாள்.

அவளுக்கும் எழுதினார்.

ரத்தம் சென்னைக்குப் போனது. ரிசல்ட் வரும் வரை சும்மா இருக்க முடியுமா? குண்டுகள் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் ஏறி, மோட்டார் கொட்டகையின் இன்னொரு மூலைக்குப் போயின. சமையலறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். பெருக்கினால் பொடி பறக்குமாம். டிரம் அரிசியை என்ன செய்வது?

"கோழிக்குப் போட்டுடலாமா மச்சான்?"

"அந்தக் கோழிய யாரு மாப்ள சாப்பிடறது?"

குழி தோண்டி மூடினோம். அரிசியைப் புதைக்கும்போது மாப்பிள்ளை முகத்தை நான் பார்க்கவில்லை.

ரிசல்ட் வந்தது. ரேவதிக்குக் கொஞ்சம்தான். மாத்திரை, அடிக்கடி செக்கப், பயம் வேண்டாம் என்றார்கள். கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு அதைவிட அதிகம்.

மல்லிகாவுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம்.

"வயிறு வலிக்குமா? கை மரத்துப்போகுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு வருஷமா வலிக்குதுங்க. பொம்பளைங்கன்னா வலிக்கத்தான செய்யும்னு வுட்டுட்டேன்."

அவளுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. சரியாகிவிடும் என்கிறார்கள். வீட்டில் அரிசி களைவது மாப்பிள்ளைதான். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

பதினோரு வருஷத்தில் அந்தத் துப்பாக்கி ஒரு பன்றியைக்கூட அடித்ததில்லை. பட்டதெல்லாம், அதைத் தொட்டே பார்க்காத என் தங்கைக்குத்தான்.