மிட்டுவுக்கு எண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் கிளிக்கு அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில், நல்ல ஜனவரிக் குளிரில் அது நடந்தது. துண்டோடு பக்கத்தில் நின்றவள் நான்.

கிளியின் பெயர் மிட்டு. தில்லியில் பாதிக் கிளிகளுக்கு அதுதான் பெயர் என்பதால் நாங்கள் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. நான் அடம்பிடித்து வாங்கியது என்றாலும் அது ஒட்டிக்கொண்டது அம்மாவிடம்தான். குக்கர் மாதிரியே விசிலடிக்கும். அம்மா ஏமாந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, பருப்பு வேகாததற்கு அதை ஒரு பாட்டம் திட்டுவாள். அதுவும் பதிலுக்கு ஏதோ திட்டும்.

பிறகு அம்மாவுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் மூவரும் ஆளுக்கொரு பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் வரை வீடு பூட்டிக் கிடக்கும்.

தீபாவளி கழிந்ததும் கூண்டுக்கு அடியில் பச்சை இறகுகள் கிடக்க ஆரம்பித்தன. மிட்டு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கி, தண்டை நறுக் நறுக்கென்று மென்று துப்பியது. அலகுக்கு எட்டாத தலையில் மட்டும் இறகு அப்படியே இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது பார்க்க. முதலில் சிரித்தேன். நெஞ்சில் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது.

"தில்லிக் காத்துல தோலு வறண்டு அரிக்கி அதுக்கு. எண்ணெ வச்சா எல்லாம் சரியாயிரும்" என்றார் அப்பா. திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கு உலகத்தில் எண்ணெயால் தீராத நோய் கிடையாது. ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்பது வீட்டு வழக்கம். மிட்டு ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குச் சனிக்கிழமை ஆபீஸ் லீவு என்பதால் ஆண் என்று முடிவாயிற்று.

குளிரில் உறைந்திருந்த தேங்காயெண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கினார். குரங்குக் குல்லாயும் கையுறையுமாகப் போருக்குப் போகிறவர்போல் உட்கார்ந்து பஞ்சால் தேய்த்தார். சுடுதண்ணீரும் ஊற்றினார். இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள, மிட்டு வெடவெடவென்று நடுங்கியது. ஹீட்டர் முன்னால் வைத்தோம். எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுக்காமல், மிஞ்சியிருந்த இறகையும் அது வெறிபிடித்தாற்போல் பிடுங்கியது. இறக்கையோரத்தில் ரத்தம் வந்தது. செத்துப்போய்விடும் என்று நான் அலறினேன். அம்மா அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பறவை டாக்டரைத் தேடிப் போனோம். அவர் அப்பாவை இந்தியில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கிளியைப் புரட்டிப் பார்த்தார். பேனும் இல்லை, சொறியும் இல்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

"கோயி நஹி ஜி! பில்குல் ஷாந்தி" என்றார் அப்பா. யாரும் இல்லை, ஒரே அமைதி என்று பெருமை அவருக்கு.

அதுதான் நோயே என்றார் டாக்டர். கூட்டமாக வாழ்கிற ஜீவன். பேச்சுக்கு ஆளில்லாமல் போனால் தன்னையே பிய்த்துக்கொள்ளும் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா, "ஒரு கிளிக்கு இம்புட்டு மனசா? நம்பும்படியாவா இருக்கு?" என்று சிரித்தார்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமாகி வந்த புதுசுல, இந்தி ஒரு வார்த்த தெரியாம, நாள் பூரா அந்த வீட்ல ஒத்தைல கெடந்தேன்லா. தலமுடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு. தில்லித் தண்ணி சரியில்லன்னு சொன்னிய. அப்பவும் எண்ணெதான் வாங்கிட்டு வந்திய."

ஆட்டோ சிக்னலில் நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. பாவம், தண்ணீரைப் பற்றிய பேச்சுக்கு இவர் ஏன் இப்படி முகம் வாடிப்போகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் கொடுத்தார். விடிந்ததிலிருந்து டிவியும் தையல் மெஷினும் சண்டையும் ஓயாத வீடு அது. கொடுக்கச் சொன்னது அம்மா. கல்நெஞ்சக்காரி என்று அவளோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, கைக்கு வேலையில்லாத நேரங்களில் அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். கோடைக்குள் மிட்டுவுக்கு இறகு முளைத்தது. நெஞ்சில் மட்டும் ஒரு திட்டு முளைக்கவே இல்லை. பஞ்சாபியில் நன்றாகத் திட்டவும் கற்றுக்கொண்டது.

எங்கள் வீட்டு டெலிபோன் சாவுச் செய்திக்கும் ஊர்ச் செய்திக்கும் மட்டும்தான் என்பது அப்பாவின் சட்டம். அந்த வாரத்திலிருந்து, அம்மா பள்ளியிலிருந்து வந்து சேரும் நேரத்துக்கு அவரே ஆபீஸிலிருந்து போன் பண்ண ஆரம்பித்தார். "ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்பார். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். மிட்டு சுகமாக இருக்கிறதா என்று விசாரிக்கத்தான் அவர் கூப்பிடுகிறார் என்று வெகுநாள் வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.