நோயே வராத நாற்பது வரிசை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் நான் தற்காலிக ஃபீல்டுமேன். நூற்புழுவைத் தாங்கும் கோதுமை ரகத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அந்தப் புழு தாக்கிய கதிரில் மணிக்குப் பதில் கருத்த உருண்டைதான் இருக்கும். உள்ளே முழுக்கப் புழு. அந்த உருண்டைகளை வேண்டுமென்றே விதையோடு கலந்து, கலப்பின ரகங்களை வரிசைக்கு ஒன்றாக நாற்பது வரிசை விதைப்போம். எந்த வரிசை தப்பிக்கிறதோ அதுதான் எங்களுக்கு வேண்டியது.

அந்த விதைப்புப் பட்டத்தில் நாற்பதும் தப்பித்தன. பண்ணை ஆபீசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பதினேழாம் நம்பர்தான் மகசூல்ல முதல். அந்த விதையை இந்த வருஷமே கெலமங்கலம் விவசாயிங்களுக்குக் குடுத்துடலாம்யா. ரிப்போர்ட் எழுதிட்டேன்" என்றார்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஓரத்தில் உள்ளூர்ச் சம்பா கோதுமையை செக் வரிசையாகப் போட்டிருந்தோம். எப்போது போட்டாலும் நோயில் விழுகிற ரகம். அதுவும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. எங்கேயோ கோளாறு.

விதைத்த அன்று விதைப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தவர் பண்ணைக் கூலியாள் முனியம்மா. அவரைக் கேட்டேன்.

"விதையில கருப்பா உருண்டை இருந்துதே, என்னம்மா பண்ண?"

"ஒவ்வொரு பொட்டலமா மொறத்துல கொட்டிப் பொடச்சுட்டனுங்க சார். அழுக்கு வெதைய மண்ணுல போட்டா பாக்கறவங்க என்ன பேசுவாங்க? எங்கூட்டு ராகியவே பொடைக்காம போடமாட்டம்."

கோபம் வந்தது. ஆனால் அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நல்ல விவசாயி செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறார். உருண்டை எதற்கு என்று நான் சொல்லவே இல்லை.

வாயைத் திறந்தால் என் வேலை போகலாம். மூடிக்கொண்டால் கெலமங்கலத்தில் எத்தனை வயல் போகுமோ. நேரே ஆபீசரிடம் போனேன்.

"சார், நாப்பதும் நோயைத் தாங்கிடுச்சுன்னு அர்த்தமில்ல. புழுவே வயலுக்குப் போகல. தப்பு என்னோடது."

நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு ரிப்போர்ட்டை இரண்டாகக் கிழித்தார்.

"அடுத்த பட்டத்துல மறுபடி போடு. இந்தத் தடவை நீயே கூட நில்லு."

அடுத்த பட்டத்தில் ஓர் உருண்டையை ஊறவைத்துப் பிளந்து, மைக்ராஸ்கோப்பில் முனியம்மாவுக்குக் காட்டினேன். நெளிகிற புழுக்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதைத் தெரிஞ்சே போடணுங்களா?"

"தெரிஞ்சேதான் போடணும்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். செக் வரிசை நோயில் விழுந்தது; நாற்பதில் முப்பத்தெட்டு வரிசைகளும் விழுந்தன. பதினேழாம் நம்பர்தான் படுமோசம். இரண்டு மட்டும் நின்றன. அந்த இரண்டையும் நான் நம்பினேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எல்லாம் ஜெயித்துவிட்டால் முதலில் செக் வரிசையைப் பாருங்கள். அதற்கும் முன்னால், இந்த வேலை எதற்கு என்று அதைச் செய்கிறவரிடம் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு முழுசாக ஒரு வருஷம் போனது.