பலகையில் ஏறிய பெயர்

எங்கள் மருந்து ஆலையின் லேபிள் பிரிவுக்கு என் நாத்தனாரே மேற்பார்வையாளராக வந்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டில் நாத்தனார் போதாதென்று வேலையிலுமா? போதாக்குறைக்குப் புத்தகப் பைத்தியம் வேறு. தலைமைப் பண்பு, நிர்வாகம் என்று தடித்தடியாக வாங்குவாள். பாத்திரம் கழுவும்போதும் காதில் ஏதாவது ஒரு கம்பெனித் தலைவரின் பேட்டி ஓடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சீண்டினால், பார்க்கலாம் அண்ணி என்பாள்.

பதினோரு வருஷம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியவள். எங்களில் ஒருத்தி அந்த நாற்காலிக்குப் போனது அதுவே முதல் தடவை. ஆனால் மூன்று மாதச் சோதனை முடிந்து மேலாளர் சரி என்றால்தான் பதவி நிலைக்கும்.

எங்கள் பிரிவின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தப்பு செய்தவர் பெயரை அதில் எழுதுவார்கள். அவருக்கு அன்று கடைசித் தேநீர், அதாவது ஆறிப்போன வண்டல். கூடவே எல்லோருடைய சிரிப்பும். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் நன்றாகவே பழகியிருந்தோம். பலகையை எடுத்துவிடலாமா என்று வந்த முதல் நாளே கேட்டாள். அடியாத மாடு படியாது என்று மேலாளர் மறுத்துவிட்டார். அவள் விடவில்லை, வாராவாரம் கேட்டாள்.

சோதனைக்காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. என் இயந்திரத்தில் தேதி அச்சடிக்கும் உருளை முந்தின நாளிலிருந்தே வழுக்கியது. பலகைக்குப் பயந்து துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். காலையில் அவள் நாலு பாட்டிலைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டாள். மதியம் ஒரு பாட்டிலை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலாவதி வருஷத்தில் இருந்த மூன்று அச்சு கலைந்து எட்டு மாதிரி தெரிந்தது. குழந்தைகளுக்கான மருந்து.

லாரி வாசலில் நின்றது. அவள் வேலையை நிறுத்தினாள். யார் என்று கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துத் தன் பெயரையே பலகையில் எழுதினாள்.

மேலாளர் வந்து குதித்தார். இயந்திரத்தை ஓட்டியது யார், பெயரைச் சொல் என்றார்.

"கையெழுத்து என்னோடது சார். சரியாப் பார்க்காம போட்டேன்."

"அப்ப உன் பதவியை மறந்துடு."

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை. தேநீர் வந்ததும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"உருளை நேத்தே வழுக்குச்சு. எனக்குத் தெரியும்," என்றேன், மேலாளரும் கேட்கும்படி.

"நேத்தே ஏன் சொல்லல அண்ணி?"

நான் பலகையைக் காட்டினேன்.

அவள் மேலாளரைப் பார்த்தாள். "இதைத்தான் சார் மூணு மாசமா சொல்றேன்."

அவர் பலகையைக் கழற்றச் சொன்னார். பிறகு லாரியைத் திருப்பி அனுப்பினார். பதவிக்கு இன்னும் மூன்று மாதம் பொறு என்றார். பொறுத்தாள், வாங்கினாள்.

பலகை அன்று மாலையே இறங்கியது. கழற்றியது நான். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று ஸ்டூல் மேல் நின்றபடியே கேட்டேன்.

"தலைவர் தன் தப்பை முதல்ல சொல்லணும்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. அப்ப கை நடுங்கும்னுதான் ஒருத்தரும் எழுதல அண்ணி," என்றாள். ஸ்டூலைப் பிடித்திருந்த அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.