வாசலில் கழற்றிய சப்பாத்து

காட்டோரமாக வாடகைக்கு எடுத்த அந்தக் கொட்டேஜில் அன்றைக்கு இருந்தது நாங்கள் நான்கு பேர்தான். நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள், மகள் விரும்பியிருந்த கோயம்புத்தூர்ப் பெடியன். இரவில் ஐந்தாவதாக ஒரு முள்ளம்பன்றியும் வந்து போயிருக்கிறது. அதை ஒருவரும் காணவில்லை. கண்டிருந்தால் இவ்வளவு கரைச்சலும் இல்லை.

ஸ்காபரோவில் எங்கள் வீடு இருக்கிற ரூஜிலிருந்து வடக்கே மூன்றரை மணித்தியால ஓட்டம். செப்டெம்பர் கடைசியில் பெரிய ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். பெடியனுக்கு அதென்றால் விசர். புழு கொழுவிப் பிடிப்பதும் இல்லை. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்து, அதைத் தூண்டில் நுனியில் முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிந்துகொண்டே இருப்பான். மீன் பிடிபட்டால் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவானாம். விடுவதற்கு ஏன் பிடிக்கவேண்டும் என்று கேட்டேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எங்கள் ஆட்களில் ஒரு பெடியன் என்றால் விசாரிப்பது சுலபம். எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். ஸ்காபரோவுக்குள்ளேயே இரண்டு பேருக்கு போன் அடித்தால், தகப்பன் குடிப்பாரா, தாய் சண்டைக்காரியா, பெடியனுக்கு முன்னம் ஏதும் கதை இருந்ததா எல்லாம் அன்று பின்னேரமே வந்து சேர்ந்துவிடும். கோயம்புத்தூரில் நான் யாரைக் கேட்பது? நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கவும் தெரியாது. அதனால் நாலு மாதமாக ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தேன். மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்:

“அப்பா, நீங்கள் ஓம் சொல்லாமல் நான் அவரைக் கட்டமாட்டன். ஆனால் வேற ஆரையும் கட்டமாட்டன். மூண்டு நாள் கூட இருந்து பாருங்கோ. சண்டே திரும்பி வரேக்க ஆன்ஸர் சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு எனக்கு எங்கே நித்திரை? சரி, விசாரணைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பாம்புக்குப் பயந்து, வேலைக்குப் போடுகிற, முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். கரடிக்குப் பயந்து சாமியறைக் கைமணியையும் எடுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் கரடி விலகிப் போகும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காட்டு நடை. வழி தொடங்கும் இடத்தில் கரடி எச்சரிக்கைப் பலகை நின்றது. நான் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். வாசனையான சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று இருந்தது. மனைவியின் பையிலோ அஜின்கோர்ட் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி. காருக்குள் வைத்தால் கரடி காரை உடைக்கும், எறிந்துவிடுவோம் என்றேன்.

“கரடிக்கு மட்டன் ரோல்ஸ் பிடிக்குமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்றாள் மனைவி. “எறியிறதெண்டால் என்னையும் சேர்த்து எறியுங்கோ.”

பெடியன் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து, கார் நிறுத்துமிடத்திலேயே எல்லோருக்கும் பங்கிட்டான். காலைச் சாப்பாடு செமிக்க முதல் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் என் மணியைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். மகள் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி முன்னால் போய்விட்டாள். எனக்குக் கை உளைந்தபோது பெடியன் மணியை வாங்கிச் சிரிக்காமல் அடித்துக்கொண்டு வந்தான். நல்ல பெடியன்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறவனை எப்படி நம்புவது?

அன்று பின்னேரம் அவன் ஆற்றில் ஒருதரம் எறிந்து பார்த்துவிட்டு வந்தான். ஆற்றுக்கென்று அவனிடம் பாதத்தையும் மூடி மார்புவரை வருகிற தண்ணீர் புகாத காற்சட்டை ஒன்றும், அதற்குமேல் போடுகிற தனிச் சப்பாத்தும் இருந்தன. சப்பாத்து முந்நூற்றி இருபது டொலர், காசு சேர்த்து வாங்கினது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். அதை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்கக் கொண்டுவந்தான். சாப்பாடு சமைக்கிற இடத்தில் சப்பாத்தா? வாடகைக்கு எடுத்தாலும் வீடு வீடுதானே. எங்கட வீட்டில் சப்பாத்து உள்ளே வாறேல்லை என்றேன். அவன் “வெளிய வச்சா, அங்கிள்...” என்று தொடங்கினான். மகள் அவன் முழங்கையில் இடித்தாள். அவன் பேசாமல் கொண்டுபோய் வாசலில் வைத்தான். என் சப்பாத்தை நான் காருக்குள் பூட்டி வைத்தேன். வெளியில் விட்டால் பூச்சி ஏதும் ஏறும் என்று பயம்.

விடியப் பார்த்தால் ஒரு சப்பாத்தில் நாக்கு இல்லை. மற்றதில் குதிப்பக்கம் முழுக்க அரித்துத் தும்பாய்க் கிடந்தது. கொட்டேஜ்காரர் வந்து பார்த்துவிட்டு, முள்ளம்பன்றி, வியர்வை உப்புக்கு வரும் என்றார். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று ஒரு சொல் சேர்த்தும் சொன்னார்.

நான் பெடியனைப் பார்த்தேன். “உமக்குத் தெரியுமோ?”

“தெரியுங்க.”

“தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?”

“சொல்ல வந்தேன் அங்கிள். உங்க வீட்டு வழக்கம்னு சொன்னீங்க. அதுக்கு மேல எப்படிங்க பேசறது?”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மரியாதைக்கு முந்நூற்றி இருபது டொலரைப் பன்றிக்குத் தின்னக் கொடுக்கிறவன், நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்று நடக்கும்போதும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பானே. அதை அப்படியே கேட்டேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் “வாய் திறக்காத மருமகன் எனக்கு வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டேன். மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, “மருமகன் எண்டு ஆரைச் சொல்லுறியள்?” என்றாள்.

சனிக்கிழமைதான் மீன் பிடிக்க இருந்த ஒரே முழுநாள். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் என் இரும்புச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தடித்த காற்சட்டைக்கு மேலும் அது கணக்காக இருந்தது. நான் ரப்பர் செருப்போடு ஆற்றங்கரைக்குப் போனேன். பாம்பு கடித்தால் கடிக்கட்டும்.

ஆறு நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியது. தண்ணீருக்குள் கல்லெல்லாம் பாசி. இரும்புச் சப்பாத்து வழுக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் காரிலிருந்து இழுவைக் கயிற்றைக் கொண்டுவந்து, இடுப்பில் கட்டும், மற்றத் தலைப்பை நான் பிடித்திருக்கிறேன் என்றேன்.

“வேண்டாங்க” என்றான்.

கட்டும் என்றேன் திரும்பவும்.

“கட்ட மாட்டேங்க. விழுந்தா கயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணி என்னை அடியில போட்டு அமுக்கிடும். நீங்களும் கூட வந்துருவீங்க. இந்தச் செருப்போட நீங்க இங்க நிக்கறதே தப்பு. மேல போய் நில்லுங்க.”

மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் மேலே போய் நின்றேன். போகும்போது முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். அவன் ஆழத்துக்கும் போகவில்லை. இந்தச் சப்பாத்தோடு முழங்கால் மட்டம்தான் சரி என்று தானே சொல்லிக் கரையோரமாகவே நின்றான். எறிந்தான், எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். பார்க்க எனக்குத்தான் கை உளைந்தது. மத்தியானம் கழித்து ஒன்று மாட்டியது. என் கை நீளம். இழுபட்டு இழுபட்டுக் கிட்ட வந்ததும், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, மகளைக் கூப்பிட்டு வாலைப் பிடிக்கச் சொல்லி விட்டுவிட்டான். மீன் குழம்புக்கென்று பழப்புளி வரைக்கும் கொண்டுவந்திருந்த என் மனைவி பாறையில் இருந்துகொண்டு, “ஒரு துண்டாவது வெட்டிப்போட்டு விட்டிருக்கலாம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அவன் கார் ஓட்டினான். மகள் பின்னுக்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்த விசாரணைக்கு ஆற்றங்கரையில் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இப்படிப்பட்டதை வாயால் எப்படிச் சொல்வது? சட்டைப் பையில் இருந்த நூற்றி நாற்பது டொலரை எடுத்துச் சப்பாத்துக்காசு என்று நீட்டினேன். வேண்டாங்க என்றான்.

“வேண்டாம் எண்டு சொல்லப் பழகினது நல்லது. எல்லாத்துக்கும் சொல்லாதையும். இதைப் பிடியும். மிச்சம் கலியாணத்துக்குப் பிறகு தாறன்.”

பின்னுக்கு மனைவி மகளின் தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காசை வாங்கினான்.

கலியாணம் முடிந்து இது இரண்டாவது சால்மன் காலம். கேட்டால் கொடுப்பேன் என்று காத்திருக்கிறேன். கயிற்றுக்கு வாய் திறந்தவன் காசுக்குத் திறக்கமாட்டேன் என்கிறான். நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், இருக்கட்டும் மாமா, அடுத்த முறை பார்க்கலாம் என்கிறான். இந்தப் பெடியனோடு என்னால் ஏலாது. இன்னும் நூற்றி எண்பது டொலர் பாக்கி.